முகம் தெரியல

“முகம் தெரியல, இன்னொண்ணு விடு,” என்றான் செல்போனைப் பிடித்திருந்தவன். நெட்டையன் விட்ட குத்தில் குட்டையனின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமானது. குட்டையனும் லேசுப்பட்டவன் இல்லை, தலையால் முட்டி நெட்டையனின் மூக்கை உடைத்தான். குட்டையனுடைய கண்ணாடி மட்டும் பக்கத்துச் சைக்கிள் கூடையில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சத்தம் கேட்டு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஓடிவந்த பி.டி. மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்துக்கொள்கிறவர்களையாவது மன்னிக்கலாம். நின்று படம் பிடிக்கிறானே ஒருத்தன், அவனை என்ன செய்வது?

போன வாரம்தான் இதே பயல்களை உட்காரவைத்துத் தொண்டை வறளப் பாடம் எடுத்திருந்தார். செல்போனில் ஒருத்தரைக் கேலி செய்வதைக் கண்டால் வேடிக்கை பார்க்காதே, உன்னால் முடிந்ததைச் செய் என்று. எல்லோரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள்.

மறுநாளே, மேடையில் பேச்சு திக்கி அழுத மாணவி ஒருத்தியின் வீடியோ, பாட்டெல்லாம் சேர்த்து, பள்ளி முழுக்கச் சுற்றியது. இன்று காலை அவளுடைய அம்மா போனில் அழுதாள். மகள் அறைக்கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாளாம், ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயமாக இருக்கிறதாம்.

அந்தக் கோபம் மொத்தமும் இப்போது மாஸ்டரின் கைக்கு வந்தது. படம் பிடித்தவனைப் பளாரென்று ஓர் அறை அறைந்தார். போனைப் பிடுங்கிச் சுவரில் ஓங்கி அடித்தார். அது சில்லுச் சில்லாகச் சிதறியது.

குட்டையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தனை குத்து வாங்கியும் அழாதவன் இப்போது தேம்பித் தேம்பி அழுதான்.

“எதுக்குடா அடிச்சுக்கிட்டீங்க?”

நெட்டையன் மூக்கைப் பொத்தியபடி சொன்னான். “அவ வீடியோவை அழிங்கடான்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிப் பாத்தோம் சார். ஒருத்தனும் கேக்கலை. அதைவிடப் பெருசா ஒண்ணு வந்தா அதை விட்டுட்டு இதைப் பாப்பாங்கன்னு…”

மாஸ்டர் சுவரோரம் கிடந்த சில்லுகளைப் பார்த்தார்.

குட்டையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நெட்டையனுக்கு எதிரே போய் நின்றான்.

“உங்க போனைக் குடுங்க சார். மறுபடி மொதல்லேர்ந்து அடிச்சுக்கறோம்.”