மூன்றாவது தகடு

"பூந்தொட்டி மாதிரி அசையாம இரு, போதும்" என்றார் கணவர்.

அப்படியானால் பூந்தொட்டியையே உட்கார வைக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஊரில் எல்லார் வீட்டிலும் வயதான கணினி குப்பைக்குப் போகும். இவர்கள் வீட்டில் நடுக்கூடத்து மேசைக்கு வந்தது. இப்போது அதற்குக் கண் வைக்கிறாராம். கேமராவில் தெரிவதைக் கணினிக்குள் படமாக்கும் டிஜிட்டைசர்.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரச் சொல்லி, கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கொடுத்திருந்தார். ஒன்று கண் இமைப்பதற்குள் படம் பிடித்துவிடும். இன்னொன்று சோம்பேறி. சிவப்பு, பச்சை, நீலம் என்று கேமரா முன் கண்ணாடித் தகட்டை மாற்றி மாற்றி மூன்று தடவை பிடிக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் நிறம் வரும். அதுவரை ஆள் அசையக் கூடாது.

"இது பொணத்தப் படம் எடுக்கத்தான் லாயக்கு" என்று அதை அவரே கழுவி ஊற்றினார். இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுவாராம்.

கறுப்புத் திரைக்கு முன்னால் நாற்காலி. சிவப்புக்கு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைக்கும் உட்கார்ந்தாள். அவர் நீலத் தகட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சற்றுக் கழித்து, "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

"பாத்துக் கிழிச்சாச்சு" என்றாள்.

ஒரு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கடைப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சுவரில் மாட்ட அவர் படம் தேடினார்கள். வீடு நிறையப் படங்கள், எல்லாவற்றிலும் அவள்தான். எடுத்த மனிதர் ஒன்றில்கூட இல்லை. கல்யாண ஆல்பம் பழைய வீட்டு ஒழுகலில் ஊறிக் கட்டியாகிப் போயிருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அதில் அவர் பிடிபட்ட திருடனைப் போல விழித்தார். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் என்று ஒன்று கிடையாது.

ஒரு நாள் அவள் தம்பி வந்தான். கணினி என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு அவனுக்கு.

"நல்ல பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு இந்த ஓட்ட டப்பாவ வச்சிருக்காரு மாமா. வாங்கத் தெரியாதவருன்னு சொன்னா உனக்குக் கோவம் வரும்க்கா."

வரவில்லை. அவளும் அதையேதான் நினைத்தாள். கடைசி நாளிலும் மனிதருக்கு உருப்படியாக ஒன்றைப் பொறுக்கத் தெரியவில்லை.

தம்பி கணினியைப் போட்டு, அதில் செருகியபடி கிடந்த வட்டைத் திறந்தான். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது.

நாற்காலியில் அவள், சிவப்பும் பச்சையும் மட்டும் சேர்ந்ததில் காமாலை வந்தவளைப் போல மஞ்சளாக. பக்கத்தில் அவர், நீலமாக, பல்லெல்லாம் தெரிய. அவள் எழுந்து போன பிறகு, நீலத் தகட்டுக்குத் தானே போய், காலி நாற்காலிக்கு மேலே வெறும் காற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

கை சரியாக அவள் தோளில் விழுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. மூன்றும் சேர்ந்து, உள்ளபடியே நிறம்.

கண் இமைப்பதற்குள் பிடிக்கிற பெட்டிக்கு இது வராது.

"கலரே பிசகிருச்சு. இத அழிச்சிட்டு வேற ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று தம்பி கேமராப் பக்கம் போனான்.

"கைய எடுறா."

கேமரா முன்னால் நீலத் தகடு இன்னும் மாட்டியபடியே இருக்கிறது.