நிலாவுக்குக் காய்ச்சல்

"ஏம்மா ஊசி, அந்த ஆளைக் குழுவை விட்டுத் தூக்கு. இன்னிக்கே தூக்கு!"

போனில் தலைவரின் குரல் கரகரத்தது. கோபம் வந்தால் மனிதருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"யாரைங்கய்யா?"

"வேற யாரை? அந்த விசாரணையைத்தான்!"

'நாலு வரி' என்பது குட்டிக் கவிதை எழுதுகிறவர்களின் ஆன்லைன் குழு. ஐந்தாவது வரி எட்டிப் பார்த்தால் கவிதை தள்ளுபடி. ஆரம்பித்தவர் தலைவர். ஆனால் ஓர் ஆளை நீக்க எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பாவமெல்லாம் அவள் தலையில்தான் விடியும். ரத்தப் பரிசோதனை லேப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் என்பதால் குழுவில் எல்லோருக்கும் அவள் 'ஊசி'.

'விசாரணை'யும் குழு வைத்த பட்டப்பெயர்தான். கவிதையைக் கவிதையாகப் படிக்கத் தெரியாத மனுஷன். 'என் வீட்டுக் கூரை அழுகிறது' என்று ஒருவர் எழுதினால், 'ஒழுகுதுங்களா? தார்ப்பாய் போட்டுப் பாத்தீங்களா?' என்பார். 'தூக்கம் என்னை விவாகரத்து செய்துவிட்டது' என்று ஒரு பெண் எழுதினால், 'சாயங்காலத்துக்கு மேல காபி குடிக்காதீங்க சிஸ்டர்' என்பார். உடனே கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டும். சிரித்தவர்களில் அவளும் உண்டு.

"இப்ப என்னங்கய்யா செஞ்சார்?"

"காலையில நான் போட்ட கவிதையப் படிச்சியா இல்லையா?"

படித்திருந்தாள்.

நிலாவுக்குக் காய்ச்சல்.
நெற்றியில் கை வைக்க
ஒரு மேகமும்
இந்தப் பக்கம் வரவில்லை.

பஸ்ஸில் நின்றபடியே ஒரு கைதட்டல் பொம்மையும் போட்டிருந்தாள்.

"அதுக்குக் கீழ என்ன கேட்டிருக்கான் தெரியுமா? 'ஐயா, காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு? டாக்டர்ட்ட காட்டினீங்களா?' நிலாவுக்கு டாக்டராம்! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இதுக்கு மேல என்னால முடியாதும்மா. நீ அவனைத் தூக்கு, இல்லன்னா நான் குழுவையே மூடிடுறேன்."

ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த நாலு வரிதான்.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க. சாயங்காலத்துக்குள்ள தூக்கிடுறேன்."

போனை வைப்பதற்குள் அடுத்தவர் வந்து கையை நீட்டிவிட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

காலையில் வருகிறவர்கள் சாப்பிட்டிருக்கக் கூடாது. மத்தியானம் வருகிறவர்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். எப்படியானாலும் கேட்காமல் ஊசியை எடுக்க முடியாது. கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. கூட வேலை பார்க்கிறவள் லீவு. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டு ஓடிவந்த உடம்பு வேறு. எங்கேயாவது சாய்ந்தால் போதும், அப்படியே தூங்கிவிடுவாள்.

கூட்டம் வடிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். விசாரணையை நீக்கத்தான் எடுத்தாள். விரல் வேறு எங்கோ போய் நாலு வரி எழுதிப் போட்டது.

ஊர் முழுக்கக் கேட்டாயிற்று,
சாப்பிட்டீர்களா என்று.
ஊசிக்கு
வயிறு கிடையாது.

கருத்துகள் வந்து விழுந்தன.

'இருத்தலின் வெறுமை! அபாரம்.'

'மூணாவது வரியையும் நாலாவது வரியையும் சேர்த்துடலாமே, ஊசி?'

'பசி இங்கே அதிகாரத்தின் குறியீடு. அருமை.'

கைதட்டல். கைதட்டல். பூங்கொத்து.

கடைசியாக விசாரணை.

'மணி மூணு ஆகப்போகுதும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?'

வழக்கம்போல் சிரிப்புத்தான் வர வேண்டும். வரவில்லை. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. இந்தக் கேள்வியை அவளிடம் கடைசியாக யார் கேட்டார்கள்? யோசித்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் 'சாப்பாடு ரெடியா?' என்று தினமும் கேட்பார். அது வேறு கேள்வி.

"அக்கா, ஏன் அழறீங்க?" பில் போடும் பெண் எழுந்து வந்தாள்.

"ஒண்ணுமில்லடி. பசி."

டப்பாவைத் திறந்தாள். காலையில் கட்டியது ஆறிக் கெட்டியாகிக் கிடந்தது. 'இதோ, இப்பத்தாங்க சாப்பிடுறேன்' என்று விசாரணைக்குப் பதில் போட்டுவிட்டு நாலு வாய் தின்றாள். பசி கொஞ்சம் அடங்கியது.

போன் அடித்தது. தலைவர்.

"என்னம்மா, தூக்கிட்டியா?"

"இல்லைங்கய்யா."

"ஏன்? என்ன தயக்கம் உனக்கு? கவிதைன்னா என்னன்னே தெரியாத ஒரு..."

இருமல் வந்து பேச்சை அடைத்தது. விடாத இருமல். அவள் கவளத்தைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். காலையிலும் இதே கரகரப்பு இருந்தது. அது கோபம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டது இப்போது உறுத்தியது.

இருமல் ஓயும்வரை பொறுத்திருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?"

போச்சு, குழுவை மூடிவிடப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அஞ்சு நாளாச்சும்மா," என்றார் தலைவர். "வீட்ல யாரும் இல்ல."