தலை தெரியுது

அன்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டது அவரா, அவர் மனைவியா என்பது இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் பட்டப்பகலில் கூடத்தை இருட்டாக்கிவிட்டு இருவரும் பேசிக்கொண்டது மறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க. தலை தெரியுது."

"இதுக்கு மேல எங்க இறக்குறது? காலைக்கூடக் கழட்டிட்டேன்."

"யாராவது பார்த்தாங்கன்னா நம்ம பொண்ணு வாழ்க்கை அவ்வளவுதான்!"

ஒருவழியாகத் தலையும் உள்ளே போனது. பெட்டியின் மூடி விழுந்தது. வீட்டின் ஒரே டி.வி. கண்ணுக்கு மறைந்தது.

அவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, வீட்டில் விஞ்ஞானி. இரண்டாவது பட்டம் மனைவி கொடுத்தது; பாராட்டிக் கொடுத்ததல்ல. போன வருஷம் அவர் செய்த தானாகச் சுருளும் கொசுவலை, அவரையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டது.

இந்த முறை வேறு வழியில்லை. மகள் விரும்பிய பையன் தங்கமான பையன். அவனுடைய அப்பாதான் தகராறு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டி.வி.யைத் திட்டி அவர் பேசாத மேடை அந்த வட்டாரத்தில் கிடையாது. "டி.வி. இருக்கிற வீட்டுல பெண் எடுக்க மாட்டேன்" என்று மைக்கிலேயே சொன்னவர். மாலையில் பெண் பார்க்க வருகிறார்.

"ரெண்டு மணி நேரம் எதிர் வீட்டுல வச்சுட்டு வந்தா தீர்ந்துச்சு" என்று மனைவி முதலிலேயே சொன்னாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் சம்பந்தி சொல்லாம கொள்ளாம வருவார். ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு ஓடுவியா?"

"உள்ளதைச் சொல்லிடலாமேப்பா" என்றாள் மகள்.

"உள்ளதைச் சொன்னா உனக்குக் கல்யாணம் நடக்குமா? நீ போய்த் தலையைப் பின்னு."

பழைய காரில் கண்ணாடியை ஏற்றி இறக்கிய மோட்டார், மேசை இழுப்பறையிலிருந்து கழற்றிய தண்டவாளங்கள், கீல் வைத்த ஒரு மூடி. இவற்றைக் கொண்டு லிஃப்ட் தயாரானது. ரிமோட்டுக்கு ஒரு வயரில்லாத காலிங் பெல்லைப் பிரித்து மோட்டாரோடு இணைத்தார். பெல்லின் பட்டனை அமுக்கினால் டி.வி. எழும், மறுபடி அமுக்கினால் படுக்கும்.

'பரம ரகசியம்' என்று சொல்லிக்கொண்டே அதை எதிர் வீட்டுக்காரருக்கு இயக்கிக் காட்டினார். அவருக்கு லிஃப்ட்டைவிட பெல்தான் பிடித்திருந்தது. "நம்ம வாசலுக்கும் இப்படி ஒண்ணு வேணுமே!" அன்று காலையில்தான் விஞ்ஞானி கூடவே போய், அதே கடையில் அதே பெல்லை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். பெருமை தலைக்கேறினால் கால் சும்மா இருக்காது.

மாலையில் பையன், தலைமையாசிரியர், அவர் மனைவி மூவரும் வந்தார்கள். அந்த அம்மாள் வணக்கம் சொன்னதோடு சரி. அப்புறம் வாயே திறக்கவில்லை. அந்த வாய்க்கும் யாரோ ஒரு மூடி செய்து போட்டிருந்தார்கள் போல.

தலைமையாசிரியர் கூடத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தார். "டி.வி. இல்லையா?"

"அந்தப் பீடையை நாங்க வாசப்படி ஏத்தினதே இல்லீங்க."

மகள் தன் கால் நகத்தைப் பார்த்தாள்.

"நல்லது. டி.வி. இருக்கிற வீட்டுல மனுஷன் இருக்க மாட்டான். வெறும் நாற்காலிதான் இருக்கும்."

காப்பி வந்தது. பையன் பாதி குடித்துவிட்டு டம்ளரை அந்தப் பெட்டியின் மேல் வைத்தான். தலைமையாசிரியர் பதறி எழுந்து, அதை எடுத்து அவன் கையிலேயே திணித்தார்.

"மூடி போட்ட பெட்டி மேல எதையும் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"என்ன ஒழுங்கு பார்த்தியா!" என்று விஞ்ஞானி மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

பேச்சு நல்லபடியாகவே போனது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பூரண சம்மதம். ஒழுக்கமான வீடு. இனிமே நாள் பார்க்க வேண்டியதுதான்..."

எதிர் வீட்டு வாசலில் யாரோ வந்து புது பெல்லை அமுக்கினார்கள்.

ஒரே கடை, ஒரே பெல். அங்கே டிங்டாங் என்றது. இங்கே பெட்டி கொட்டாவி விட்டது. மூடி திறந்து, சபைக்கு வணக்கம் சொல்ல வருவதுபோல் டி.வி. மெல்ல எழுந்தது. விஞ்ஞானி பாய்ந்து போய் முதுகைக் கொடுத்து மறைத்தார். அது அவர் தோளுக்கு மேல் தலையை நீட்டியது. அணைந்திருந்த கறுப்புத் திரையில் அத்தனை பேர் முகமும் வரிசையாகத் தெரிந்தது.

அவ்வளவு நீளமான மௌனத்தை அந்தக் கூடம் அதற்குமுன் கண்டதில்லை. மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. விஞ்ஞானி பாக்கெட்டிலிருந்த பட்டனை அமுக்கக்கூட மறந்து நின்றார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நடந்தது. மகளும் மருமகனும் சௌக்கியம். எதிர் வீட்டுக்காரர் பெல்லை மாற்றிவிட்டார். தலைமையாசிரியர் மேடை ஏறுவதை விட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம், அந்த மௌனத்தின் நடுவே அதுவரை வாய் திறக்காத அந்த அம்மாள் எழுந்துபோய் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கணவரைத் திரும்பிப் பார்த்து வியப்போடு சொன்ன ஒரு வார்த்தைதான்.

"ஏங்க, நம்ம வீட்டு டி.வி.யைவிட இது சத்தம் கம்மியா ஏறுதுல்ல?"