எட்டு அரைப்பந்துகள்

"நல்லா இருக்கிற பந்தை எதுக்குங்க வெட்டுறீங்க?" என்று கேட்டாள் இராஜகுமாரி.

சேதுராமன் நிமிரவில்லை. மேசையில் நான்கு சின்னக் கறுப்பு ரப்பர் பந்துகள். கண்டியில் ஒரு கிளப்பில் வேலை பார்க்கும் நண்பன் பெரியதம்பி கொடுத்தவை. அங்கே ஸ்குவாஷ் ஆடித் தேய்ந்துபோன பந்துகள்.

ஒவ்வொன்றையும் சரிபாதியாக வெட்டினார். ஒரு ஸ்பீக்கருக்கு நாலு பாதி. கவிழ்த்து வைத்து, அவற்றின் மேல் ஸ்பீக்கர்களைத் தூக்கி வைத்தார்.

"நம்ம வீடு பலகைத் தரை. ஸ்பீக்கர் அதிர்ந்தா தரையும் சேர்ந்து அதிருது. அதான் பாட்டு குழம்புது. இந்த ரப்பர் அதிர்வைக் கீழ விடாதாம். பெரியதம்பி ஏதோ புத்தகத்துல படிச்சானாம்."

"அவருக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் வேலை இல்ல."

சேதுராமன் தவில் இசைத்தட்டைப் போட்டார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கவில்லை. காலுக்குக் கீழே பலகை அசையவில்லை.

"என்னங்க இது, வேற செட்டு மாதிரி இருக்கு" என்றாள் நம்ப முடியாமல்.

"கீழ் வீட்டுக்காரங்களுக்கும் இனி நிம்மதி. நாமளும் அடுத்தவங்களைப் பத்தி யோசிக்கணும்ல."

இராஜகுமாரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கீழே ஆள் இருக்கு, சத்தத்தைக் குறைங்க என்று மூன்று மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் பழைய மாடிவீடு அது. கீழே லாபிர் குடும்பம், குடிவந்து மூன்று மாதம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். படியில் பார்த்தால் சிரிப்பார். அதற்கு மேல் பழக்கம் இல்லை.

ஐந்தாம் நாள், வழக்கம்போல சாயங்காலம் ஐந்து மணிக்கு சேதுராமன் தவிலைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். லாபிர்.

"பாத்தியா, சண்டைக்கு வந்தாச்சு" என்றார் மனைவியிடம். "இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் பத்தாது."

கதவைத் திறந்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"என்ன லாபிர் நானா, இன்னும் சத்தம் கேக்குதா? நான் ரப்பரெல்லாம் வச்சிருக்கேனே."

லாபிரின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"சத்தத்தைப் பத்தி இல்ல தம்பி. ஒண்டு கேக்க வந்தேன். இந்த அஞ்சு நாளா செட்டுல என்னமும் மாத்தினீங்களா?"

"ஆமா. இப்ப தரை நடுங்குறதே இல்ல. சுத்தமா நின்னுருச்சு."

"தரை நடுங்குறது நிண்டு போச்சா?"

"ஆமா நானா."

லாபிர் படியிலேயே உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அப்ப எங்கட புள்ளைக்கு ஒண்டுமில்ல."

சேதுராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என் மகள் ஹபீலாக்குக் காது கேக்காது தம்பி. மூணு வருசத்துக்கு முந்தி மூளைக் காய்ச்சல் வந்து காது போச்சு. நீங்க பாட்டுப் போட்டா, உங்கட தரையைத் தாங்குற மரத்தூண்ல ரெண்டு கையையும் வெச்சிட்டு நிப்பா. அவளுக்கு அதான் பாட்டு. அஞ்சு நாளைக்கு முந்தி கை வெச்சா, ஒண்டுமே தெரியல்லயாம். எனக்குப் பாட்டு கேக்குது, அவ கைக்குத் தெரியல்ல. வாப்பா, காய்ச்சல் இப்ப கையையும் எடுத்துட்டுது எண்டு அழுதா. அதுக்குப் பொறவு சோறு தண்ணி இல்ல. நேத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டொக்டர் ஊசியால குத்திப் பாத்துட்டு, கை நல்லா இருக்கு எண்டார். அவ நம்பல்ல."

சேதுராமன் திரும்பி உள்ளே ஓடினார்.

தரையில் மண்டியிட்டு ஸ்பீக்கர்களைச் சாய்த்து அரைப்பந்துகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார்.

"நீங்க அவரோட கீழ போங்க" என்றாள் இராஜகுமாரி. "நான் போடுறேன்."

கீழே ஹபீலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பதினெட்டு வயதிருக்கும். லாபிர் எழுப்பினார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் விடவில்லை. தூணருகே கூட்டிப்போய் அவள் கையைப் பிடித்து மரத்தில் வைத்தார்.

மேலே தவில் தொடங்கியது.

அவள் விரல்கள் சட்டென்று விரிந்தன. மற்றக் கையையும் வைத்தாள். பிறகு கன்னத்தை அழுத்திக்கொண்டாள்.

"வாப்பா, கை ஈக்குது, எங்கயும் போகல்ல" என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அது வீடு முழுவதும் கேட்டது.

லாபிர் சுவரில் சாய்ந்து நின்றார். சேதுராமன் தலை குனிந்திருந்தார்.

"இத்தனை நாள் அவ்வளவு சத்தமாப் போட்டிருக்கேன் நானா. வேற யாரா இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

லாபிர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேல் ஊட்டுச் சத்தம் தாங்காம மூணு குடும்பம் காலி பண்ணிட்டுப் போச்சு, வேற ஊடு காட்டுறேன் எண்டுதான் ஊட்டுச் சொந்தக்காரர் சொன்னார் தம்பி. அதைக் கேட்டுத்தான் நான் இந்த ஊட்டை எடுத்தேன்."