மூன்றாம் எண் கார்

கொடி அசைவதற்கு முன்பே கணேஸ்வரனின் கார் தொடக்கக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நகர்ந்துவிட்டது.

கொடியைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி நிர்மலாதேவி.

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசினுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கார்களின் ஆண்டுப் போட்டி. எட்டுக் கார்கள் புகை கக்கியபடி வரிசையில் நின்றன. கூடியிருந்தவர்கள் கார்களைப் பார்க்கவில்லை, நிர்மலாவைத்தான் பார்த்தார்கள்.

"பாருங்களேன், கண்டுக்காம விட்டுடும்," என்றார் போட்டியாளர் பிச்சைமுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி. "பொண்டாட்டி கொடி பிடிச்சா புருஷன் கப்பு பிடிப்பான் லா."

ஒரு மாதமாக, போட்டியை நடத்தும் சங்கத்தில் இதையே சொல்லி அவர் ஆள் சேர்த்திருந்தார். போட்டி முடிந்ததும் கூட்டம். நிர்மலா நடுவராக நீடிக்கலாமா என்பது அன்றைக்கே முடிவாகிவிடும். விதிப் புத்தகத்தை மூன்று மாதம் கரைத்துக் குடித்து, தேர்வெழுதித் தேறி, அந்தக் கொடியைக் கையில் வாங்கியவள் அவள். சங்கத்தின் முதல் பெண் நடுவர்.

காலையில் கணேஸ்வரன் கேட்டும் பார்த்தான்.

"நான் வேணா இந்த வருஷம் ஓடாம இருந்துடறேனே?"

"நீங்க ஒதுங்குனா, இவ ஓரவஞ்சனை பண்றவதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஓடுங்க. ஒழுங்கா ஓடுங்க," என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் கையில் சிவப்புக் கொடி உயர்ந்தது.

"மூணாம் நம்பர். முதல் எச்சரிக்கை."

"என்னாம்மா இது, ஒரு சாண்கூட இருக்காது..." என்றான் கணேஸ்வரன்.

"இங்க அம்மாவும் இல்ல, அய்யாவும் இல்ல. மூணாம் நம்பர், ஐட்லிங் அதிகமா இருக்கு. ஒரு நிமிஷம் தரேன், சரி பண்ணுங்க."

திடல் சிரித்தது.

நிற்கும் வேளையில் எஞ்சின் மெல்ல முனக வேண்டும்; அதுதான் ஐட்லிங். அது கூடிவிட்டால், விசையைத் தொடாமலேயே கார் ஊரத் தொடங்கிவிடும். கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதைக் கணேஸ்வரனைப் போல் பதமாகத் திருப்ப மலாக்காவிலேயே ஆளில்லை என்பார்கள். அன்று காலைகூட ஐந்து கார்களுக்கு அவன்தான் காது கொடுத்துக் கேட்டுப் பதம் பார்த்துக் கொடுத்திருந்தான். பிச்சைமுத்துவின் காரும் அதில் ஒன்று.

மண்டியிட்டான். கூட்டாளி வடிவேலு நீட்டிய திருப்புளியை வாங்கித் திருப்பினான். உற்றுக் கேட்டான். பிறகு, சரி என்பதுபோல் தலையசைத்தான்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவருக்குச் சொந்தக் காய்ச்சல் தெரியலையே," என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

மீண்டும் எட்டுக் கார்களும் கோட்டில் நின்றன. இம்முறை கொடி உயரக்கூட இல்லை. மூன்றாம் எண் கார் இரண்டு முழம் முன்னே ஓடிப் போய், சாவதானமாக வளைந்து நின்றது.

"மூணாம் நம்பர், ரெண்டாவது தவறு," என்றாள் நிர்மலா. "போட்டியிலிருந்து வெளியேறலாம்."

பிச்சைமுத்துவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நிர்மலா, மூணு வருஷமா கப்பு வாங்குன ஆளு. இன்னொரு சான்ஸ் குடும்மா."

"விதி பதினொண்ணு, அண்ணே. நாளைக்கு உங்க கார் ஓடுனாலும் அதே விதிதான்."

கணேஸ்வரன் எஞ்சினை அணைத்தான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

"அண்ணனுக்கு இன்னிக்குச் சோறு கடையிலதான்," என்றார் ஒருவர்.

"அவரை விடு. அந்தப் பொம்பளைக்கு மனசு கல்லா?" என்றார் இன்னொருவர்.

பிச்சைமுத்துதான் வென்றார். சுழற்கிண்ணத்தைக் கீழே வைக்காமலேயே கூட்டத்திற்கு வந்தவர், முதல் ஆளாக எழுந்து நின்றார்.

"நான் பேசுனது தப்பு. கட்டுன புருஷனையே வெளிய அனுப்பிடுச்சு. இதவிட நியாயமான நடுவர் நமக்கு எங்க கிடைக்கும்? நிர்மலாவே இருக்கட்டும்."

மறுத்துப் பேச ஆளில்லை. கூட்டம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த வடிவேலு, அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"அண்ணே, இடது பக்கம் திருப்புனாத்தான் ஐட்லிங் இறங்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்க. அந்த ஒரு நிமிஷத்துல நீங்க வலது பக்கம்ல திருப்புனீங்க? நான் பக்கத்துலதான நின்னேன்."

கணேஸ்வரன் திடலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே நிர்மலா, கொடியை மடிப்புக் கலையாமல் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசு லா. வேணும்னே செஞ்சேன்னு தெரிஞ்சா, அடுத்த வருஷமும் என்னை வெளிய நிறுத்திடுவா."