இருசப்பரின் பிடி

ஆஸ்பத்திரியில், முதியவர்கள் எவ்வளவு தளர்ந்திருக்கிறார்கள் என்று அளக்கிற ஆராய்ச்சி அறை அது. எழுபத்தெட்டு வயது இருசப்பரின் சோதனை அப்போதுதான் முடிந்திருந்தது. வாசலில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன நடைப்பா அது! எறும்புகூட முந்திடும்," என்றது மேசைமேல் இருந்த ஸ்டாப்வாட்ச். "இனிமே தனியா வெளியே விடாதீங்கன்னுதான் டாக்டர் சொல்லுவார்."

"என்னை அமுக்கினாரா, தடவிக் கொடுத்தாரான்னே தெரியலை," என்றது கைப்பிடியின் பலத்தை அளக்கும் பிடிமானி. "தேறமாட்டார், பாவம்."

நாற்காலிக்குப் பொறுக்கவில்லை. "ஈரத் தரையில தடம் பதிஞ்சிடக்கூடாதுன்னு மெதுவா நடந்தார். ஆஸ்பத்திரி சாமான் உடைஞ்சிடுமோன்னு உன்னை மெல்லத் தொட்டார். நர்ஸ்கிட்ட அவரே சொன்னாரே, கேக்கலையா?"

"காரணம் நமக்கெதுக்கு? அளவுதான் பேசும்!" என்று குலுங்கிச் சிரித்த ஸ்டாப்வாட்ச், மேசை விளிம்பிலிருந்து நழுவியது.

இருசப்பர் ஒரே பாய்ச்சலில் வந்து, தரையைத் தொடுமுன் அதைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, மூச்சு முட்டுது, விடச் சொல்லுங்க!" என்று அவர் கைக்குள்ளிருந்து அலறியது ஸ்டாப்வாட்ச்.

பிடிமானி எட்டிப் பார்த்தது. "எத்தனை நொடியில வந்தார்?"

"யாருக்குத் தெரியும்? நான்தான் விழுந்துக்கிட்டிருந்தேனே!"