பிஸ்கட் நிறத்தில் ஒரு பிளக்

வெர்லீன் கொட்டகையில் நின்ற வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

அது சுத்தமாக இருக்கக் கூடாது. இந்த வண்டி மலைமேல் போய் வந்திருந்தால் கரி அப்பியிருக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல், அவள் கணவன் டாலின் பனிமேல் ஓடும் இந்தப் பழைய மோட்டார் வண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறான். போகிறேன் என்கிறான். அவளுக்குச் சனிக்கிழமை தீவனக் கடையில் வேலை. கூடப் போய்ப் பார்க்க வழியில்லை.

வண்டிக்குச் செய்த சீராட்டு கொஞ்சமா நஞ்சமா! முதலில் எடை குறைந்த சைலன்சர் வந்தது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பிறகு, நின்றபடி ஓட்ட வேண்டுமாம், ஹேண்டில்பாரை உயர்த்தினான். சூடு வெளியேறப் பக்கத்து மூடிகளில் ஓட்டை போட்டு வலை ஒட்டினான். கிளட்ச்சுக்குள் இருக்கும் எடைகளை மாற்றினான். கடைசியாக, ஆழமான பனியை வாரித் தள்ளுவதற்கு அடியில் புது ரப்பர் பட்டை. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனுஷன், வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் தானே மாட்டினான்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

ஜெட். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. மேலே போகப் போகக் காற்று மெலியும், அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். அதனால் மலை ஏறுகிறவன் முதல் வேலையாகச் சின்ன ஜெட் போடுவான். இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

டாலின் வாங்கிய சின்ன ஜெட்டுகள் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. வண்டியில் இருந்தது பள்ளத்தாக்குக்கான பெரிய ஜெட். அதோடு மேலே போயிருந்தால் பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக் கன்னங்கரேலென்று ஆகியிருக்கும்.

ஆக, வண்டி மலை ஏறவே இல்லை.

அப்படியானால் சனிக்கிழமை தோறும் இவன் எங்கேதான் போகிறான்?

ஜனீல்! அந்தப் பெயர் மனதில் வந்ததும் வெர்லீனுக்குக் காது சுட்டது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில், வாகனங்கள் நிறுத்துகிற மைதானத்தில், வண்டிக்கடை போட்டு, ஸ்கோன் என்கிற உப்பின மாவுப் பண்டத்தைப் பொரித்துத் தேன்வெண்ணெய் தடவி விற்கிறவள். விவாகரத்தானவள். சிரித்தால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும்.

போன வாரம் தீவனம் வாங்க வந்த ஒருத்தி, "உங்க வீட்டுக்காரருக்கு ஜனீல் போடற ஸ்கோன்னா உசுரு போல" என்று சொல்லிவிட்டு நமட்டுச் சிரிப்பு சிரித்தாள். டாலினின் கோட்டிலும் பொரித்த எண்ணெயும் தேன்வெண்ணெயும்தான் மணத்தன. நாளெல்லாம் மலையில் இருந்தவன் கோட்டில் பெட்ரோல் வாடையல்லவா அடிக்க வேண்டும்? அவனோடு மலைக்குப் போகிறவர்களும் வெர்லீனைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள்.

அடப்பாவி! இத்தனை சாமானும் என் கண்ணில் மண்ணைத் தூவத்தானா?

இந்த வீட்டை விட்டு எங்கே போவது என்றுகூட அவள் யோசித்துவிட்டாள். அக்கா வீட்டு மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.

ஹெல்மெட்டோடு டாலின் கொட்டகைக்குள் வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஜனீல்கிட்டதான போற?"

"ஆமா" என்றான்.

மறுப்பான், பூசி மெழுகுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அவ கடை பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன். வண்டிய இறக்குவேன், ஸ்டார்ட் பண்ணுவேன். கிளட்ச்ச பாத்துட்டு வரேன், நீங்க போங்கடான்னு பசங்கள அனுப்பிடுவேன். அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சிடும், வெர்லீன். அவங்க எறங்கி வர்ற வரைக்கும் அங்கயேதான்."

"அப்ப இந்தச் சாமானெல்லாம் எதுக்கு?"

"வண்டிக்குத்தான் தெம்பு பத்தலன்னு நெனச்சேன். இத மாட்டினா ஏறிடலாம், அத மாட்டினா ஏறிடலாம்னு..."

வெர்லீனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் பொத்தென்று இறங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீரும் வந்தது.

"போன வருஷத்துப் பனிச்சரிவுக்காகவா? அடக் கிறுக்கா! புதைஞ்சது நான். நானே மறு மாசம் மேல போய்ட்டு வந்தேன். உனக்கு என்ன வந்துச்சு?"

உண்மைதான். அந்தக் கதையை அவள் சொல்லாத இடமில்லை. சர்ச் விருந்தில், தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டே, "எல்லாம் வெள்ளையா இருந்துச்சா, சரின்னு தூங்கிட்டேன்" என்பாள். மேஜையே சிரிக்கும்.

டாலின் சிரிக்கவில்லை. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்த விருந்திலும் அவன் சிரித்ததில்லை.

"நீ தூங்கிட்ட" என்றான். "மொதல்ல உன் கைதான் கெடைச்சுது. கையுறை இல்ல. நான் புடிச்சேன். நீ திரும்பப் புடிக்கல. நீ போய்ட்டன்னு நெனச்சுக்கிட்டேதான் மிச்சத்தத் தோண்டினேன்."

அவள் சொல்கிற கதையில் இந்த இடம் வந்ததே இல்லை.